பிளம்பர் எழுதித் தந்த சீட்டைப் படிப்பது எப்படி?

[காட்சி: கடை மேசை மேல் கசங்கிய ஒரு சிறு சீட்டு. கேமரா மெல்ல அதை நெருங்குகிறது.]

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பேசுகிறேன். பதினோரு வருடமாக ஹார்டுவேர் கடையில் பைப், ஃபிட்டிங்ஸ் பக்கம் நிற்கிறேன். இந்தச் சீட்டைப் பாருங்கள். இதுபோல ஒரு நாளைக்கு இருபது சீட்டாவது வரும். எழுதியவர் பிளம்பர். அவர் அங்கே சுவரைக் கொத்திக்கொண்டிருப்பார். வாங்க வருவது வீட்டுக்காரர்.

போன வாரம் ஓர் அக்கா இந்தச் சீட்டோடு வந்தார்.

"அண்ணா, இதெல்லாம் குடுங்க."

"சிபிவிசியாக்கா, யுபிவிசியா?"

"அதுலயே எழுதியிருப்பாரே, பாருங்க."

எழுதவில்லை. பிளம்பருக்குப் போன் போட்டார். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போல, எடுக்கவில்லை. "பைப்பு என்ன கலர்க்கா?" என்று கேட்டேன். "வெள்ளை மாதிரிதான்" என்றார். வெள்ளையைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அத்தனையையும் பையோடு திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். அவர் வீட்டில் போட்டிருந்தது வெள்ளை இல்லை, சந்தன நிறம். ஏப்ரல் மாத வெயிலில் இரண்டு தடவை ஆட்டோ. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இந்த வீடியோ. அந்தச் சீட்டையே வரி வரியாகப் படிப்போம்.

[திரையில் சீட்டு பெரிதாக:
முக்கால் எம்டிஏ – 2
முக்கால் யூனியன் – 2
முக்கால் அரை டீ – 3
அரை பிராஸ் எல்போ – 6
முக்கால் என்ஆர்வி – 1
ஆங்கிள் காக் – 3
நானி ட்ராப் – 2]

முதல் வரிக்கு முன்னால், சீட்டில் இல்லாத அந்த ஒரு சொல். பைப் என்ன வகை?

[காட்சி: மூன்று பைப் துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில்: வெள்ளை, சந்தன நிறம், சாம்பல்.]

வெள்ளை யுபிவிசி. பச்சைத் தண்ணீருக்கு மட்டும். சந்தன நிறத்தில் இருப்பது சிபிவிசி. இது வெந்நீரையும் தாங்கும், 93 டிகிரி செல்சியஸ் வரைக்கும். கீசரிலிருந்து வரும் லைன் என்றால் இதுதான். சாம்பல் நிறத்தில் இருப்பது நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிவிசி.

மூன்றுமே முக்கால் இஞ்ச் பைப்தான். ஆனால் ஒன்றின் எல்போ இன்னொன்றில் ஏறாது. ஸ்கேல் வைத்துக் காட்டுகிறேன். சிபிவிசி முக்காலின் வெளி விட்டம் 22.2 மில்லிமீட்டர். யுபிவிசி முக்கால் 26.7. விவசாயப் பைப் 25. அளவின் பெயர் ஒன்று, உருவம் வேறு. அக்கா திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான். இன்னொரு சிக்கலும் உண்டு. '25 எம்எம்' என்று மட்டும் எழுதினால், விவசாயப் பைப்பில் அது முக்கால் இஞ்ச், சிபிவிசியில் ஒரு இஞ்ச். அதனால் சீட்டின் தலைப்பிலேயே வகையை எழுதச் சொல்லுங்கள். அப்புறம்தான் அளவு.

பைப் மேல் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருக்கும். அதில் எஸ்டிஆர் 11 அல்லது எஸ்டிஆர் 13.5 என்று இருந்தால் அது சிபிவிசி. இந்த எண் என்ன? பைப்பின் வெளி விட்டத்தை அந்தப் பைப் சுவரின் தடிமனால் வகுத்தால் வருவது. 22.2 மில்லிமீட்டர் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 11-ஆல் வகுத்தால் தடிமன் 2 மில்லிமீட்டர். 13.5-ஆல் வகுத்தால் ஒன்றரை சொச்சம்தான். ஆக, எண் சின்னதாக இருந்தால் பைப் கனமானது. யுபிவிசியில் இது அப்படியே தலைகீழ். அங்கே ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று போட்டிருக்கும். 80-தான் கனம். இரண்டையும் ஒன்றாக நினைத்து "பெரிய நம்பர் குடுங்க" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். சிபிவிசியில் பெரிய நம்பர் கேட்டால் மெல்லிய பைப்தான் கைக்கு வரும். சுவருக்குள் புதைக்கிற வெந்நீர் லைனுக்கு 11 வாங்குங்கள் என்பதே என் யோசனை. விலை வித்தியாசம் கொஞ்சம்தான், சுவரை உடைக்கிற செலவு அப்படி இல்லை.

இன்னொன்று. இது வேலூர், வெயிலூர் என்றே பெயர் வாங்கிய ஊர். மொட்டை மாடியில் வெயில் படுகிற இடத்தில் சிபிவிசியை வெறுமனே விடக் கூடாது. வெயில் பட்டுப் பட்டு நாளடைவில் நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும். எமல்ஷன் பெயிண்ட் அடித்தால் போதும். எண்ணெய் பெயிண்ட் வேண்டாம்.

சரி, முதல் வரி. எம்டிஏ.

[காட்சி: உள்ளங்கையில் எம்டிஏ. ஒரு பக்கம் வழவழப்பு, இன்னொரு பக்கம் மரை.]

ஒரு பக்கம் சொலூஷன் தடவி ஒட்டுவது, இன்னொரு பக்கம் மரை வைத்துத் திருகுவது. மரை வெளியே தெரிந்தால் எம்டிஏ. உள்ளே இருந்தால் எஃப்டிஏ. இவ்வளவுதான் வித்தியாசம். மரையில் வெள்ளை டேப் சுற்றுவார்களே, அதுதான் டெஃப்லான் டேப். மரை முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் உரிந்து சுருண்டு வெளியே வந்துவிடும். கீசர் பக்கம் என்றால் மரை பித்தளையில் இருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் மரையை ஸ்பேனர் போட்டு இறுக்கினால் விரிசல் விடும். அந்த விரிசல் அன்றைக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து சுவரில் ஓதம் ஏறும்போதுதான் தெரியும்.

சொலூஷன் என்றேன் அல்லவா? யுபிவிசிக்கு ஒன்று, சிபிவிசிக்கு வேறொன்று. வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று மாற்றித் தடவக் கூடாது.

இரண்டாவது, யூனியன்.

[காட்சி: யூனியனைக் கையால் திருகிக் கழற்றுவது. நடுவில் ரப்பர் வளையம்.]

பைப்பை அறுக்காமல் கழற்றிப் பூட்டுவதற்கான இணைப்பு. நடுவில் ஒரு ரப்பர் வளையம், சுற்றி ஒரு பெரிய நட். தொரப்பாடியில் என் வீட்டு மோட்டாருக்கு இது இல்லை. மே மாதம் காயில் எரிந்து போனது. மோட்டாரைத் தூக்க வேண்டுமென்றால் பைப்பை இரண்டு இடத்தில் ரம்பத்தால் அறுக்க வேண்டியிருந்தது. திரும்ப மாட்டும்போது அறுத்த பைப்பை இணைக்க இரண்டு கப்ளர், புதுத் துண்டு, சொலூஷன் காயக் காத்திருப்பு. டேங்க்கில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வீட்டில் ஐந்து பேர். யூனியன் இருந்திருந்தால் இரண்டு நட்டைத் திருகினால் முடிந்திருக்கும். மோட்டாருக்கு இரண்டு பக்கமும், ப்ரஷர் பம்ப்புக்கு இரண்டு பக்கமும் யூனியன் போடச் சொல்லிக் கேளுங்கள். சீட்டில் இல்லையென்றால் நீங்களே எழுதிச் சேருங்கள்.

முக்கால் அரை டீ. நேராகப் போகிற வழி முக்கால், பக்கவாட்டில் பிரிகிற வழி அரை. ரெடியூசர் டீ என்றும் சொல்வார்கள். மெயின் லைன் முக்காலில் வந்து, குழாய்க்குக் குழாய் அரையாகப் பிரியும்.

இந்த இடத்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி வரும்: "ஒரு இஞ்ச் பைப் போட்டா ப்ரஷர் ஏறுமா?" ஏறாது. ப்ரஷர் என்பது டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால் கீழே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். நம் ஊரில் தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டில், டேங்க்கின் அடிக்கும் ஷவரின் தலைக்கும் நடுவே ஆறேழு அடிதான் இருக்கும். அதாவது 2 மீட்டர், 0.2 பார். அந்த அழுத்தத்தில், கடையில் பார்த்து ஆசைப்பட்ட பெரிய தட்டு ஷவர் மழை மாதிரிப் பெய்யாது. சொட்டும். பைப்பைப் பெரிதாக்கினால் இரண்டு குழாயைச் சேர்த்துத் திறந்தாலும் அளவு குறையாமல் வரும், அவ்வளவுதான். வேகம் வேண்டுமென்றால் டேங்க்கை உயர்த்த வேண்டும், இல்லை ப்ரஷர் பம்ப் வைக்க வேண்டும்.

அடுத்தது பிராஸ் எல்போ. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் இது சுவருக்குள் போகிற பொருள்.

[காட்சி: கொத்திய சுவர். அதில் பதித்த இரண்டு பிராஸ் எல்போ. டேப் வைத்து அளப்பது.]

எல்போ என்றால் முழங்கை. பைப் வளைகிற இடம். இதில் ஒரு வாய்க்குள் பித்தளை மரை பதித்திருக்கும். டைல்ஸ் ஒட்டிய பிறகு சுவரில் ஒரு ஓட்டை மட்டும் தெரியுமே, அதுதான் இதன் வாய். உங்கள் குழாய் அதில்தான் திருகி ஏறும். குழாய் மாட்டும் வரை ஒரு டம்மி போட்டு அடைத்து வைப்பார்கள். டம்மி போடாமல் பூசினால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி மரையைக் கெடுத்துவிடும்.

எவ்வளவு ஆழத்தில் பதிப்பது? பூச்சும் டைல்ஸும் ஏறிய பிறகு வாய் டைல்ஸ் மட்டத்துக்கு வர வேண்டும். உள்ளே போய்விட்டால் குழாயின் மரை எட்டாது, எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு இழுக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் ஃப்ளேஞ்ச், அதாவது குழாயின் அடியில் வரும் பளபளப்பான தட்டு, சுவரோடு ஒட்டாது. எந்த டைல்ஸ், எவ்வளவு கனம் என்பது பிளம்பருக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் நல்லது.

வால் மிக்ஸர், அதாவது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய், போடுவதாக இருந்தால் இன்னும் கவனம். அதற்கு இரண்டு எல்போ. நடுவுக்கு நடு 6 இஞ்ச். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். வெந்நீர் இடது பக்கம், பச்சைத் தண்ணீர் வலது பக்கம். பூசுவதற்கு முன்னால் டேப்பை அந்த இரண்டு வாய்க்கும் குறுக்கே பிடித்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே எல்லாச் சுவரையும் எடுங்கள். பத்து வருடம் கழித்து கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோ உதவும்.

ஐந்தாவது வரி என்ஆர்வி. நான் ரிட்டர்ன் வால்வு. தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும், திரும்ப வர விடாது. உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் போகிற திசையில் அம்பு இருக்க வேண்டும்.

[காட்சி: என்ஆர்வியின் உடம்பில் அம்புக்குறி. பின்னணியில் வறண்ட பாலாற்று மணல்.]

நம் ஊரில் இது கட்டாயம் வேண்டும் என்பேன். வேலூர் என்றாலே 'நீரில்லா ஆறு' என்று பாலாற்றைச் சேர்த்துச் சொல்வது பழைய வழக்கம். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியதையும் பார்த்தோம். ஆனால் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். அதனால் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர். குடிக்க, சமைக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர். குளிக்க, துவைக்க போர் தண்ணீர். பாறை பூமி, போர் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டு லைனும் எங்கேயாவது ஒரு டீயில் சந்தித்தால், அங்கே என்ஆர்வி இல்லையென்றால், மோட்டார் போடும்போது உப்புத் தண்ணீர் பின்னால் தள்ளி நல்ல தண்ணீர் சம்ப்பில் இறங்கிவிடும். "திடீர்னு காவிரித் தண்ணி கரிக்குது" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒட்டுமொத்தமாக இரண்டு லைனையும் சேர்க்காமலே தனித்தனியாக இழுப்பது அதைவிட நல்லது.

சம்ப்பிலிருந்து இழுக்கும் பைப்பின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் மண்ணோ உப்போ சிக்கி மூடாமல் போனால் பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கிவிடும். அப்போதுதான் தினமும் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிப் போட வேண்டிவரும். அதற்குப் பெயர் ப்ரைமிங்.

ஆங்கிள் காக்: வாஷ் பேசினுக்குக் கீழே, கீசருக்குக் கீழே, ஃப்ளஷ் டேங்க் பக்கத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும் சின்னக் குழாய். அந்த ஒரு பொருளுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்துவதற்கு. மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். நம் தண்ணீருக்கு உப்பு படிந்து இறுகிக்கொள்ளும். அவசரத்துக்குத் திருகினால் தண்டு உடைந்து கையோடு வரும்.

கடைசி வரி, நானி ட்ராப். குளியலறைத் தரையில் ஜாலிக்குக் கீழே இருப்பது. மராட்டியில் குளிக்கும் இடத்துக்கு நஹானி என்று பெயர், அந்தச் சொல்தான் நம் வாயில் நானி ஆனது.

[காட்சி: கண்ணாடிக் கிண்ணத்தில் வளைந்த டியூப். நீல நிறத் தண்ணீர் வளைவில் நிற்கிறது.]

ட்ராப் என்று எது வந்தாலும் வேலை ஒன்றுதான். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். இரண்டு இஞ்ச் ஆழம் நின்றால் போதும். அந்தத் தண்ணீர்தான் கதவு. சாக்கடைக் காற்று அதைத் தாண்டி மேலே வர முடியாது. பேசினுக்குக் கீழே பாட்டில் ட்ராப், வீட்டுக்கு வெளியே கல்லி ட்ராப். கழிப்பறைக் கோப்பையில் சுவர் வழியாகப் போனால் பி ட்ராப், தரை வழியாகப் போனால் எஸ் ட்ராப். கோப்பை வாங்கும் முன் இதை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். எஸ் ட்ராப் என்றால் சுவரிலிருந்து ஓட்டையின் நடு எத்தனை இஞ்ச் என்பதையும் டைல்ஸ் கனத்தோடு சேர்த்து அளந்து வாருங்கள்.

ட்ராப்புக்குப் பிறகு போகும் கழிவுப் பைப்புக்கு வாட்டம் வேண்டும். நாலு இஞ்ச் பைப்புக்கு 40-க்கு 1, அதாவது பத்து அடிக்கு 3 இஞ்ச் இறக்கம். வாட்டம் குறைந்தால் கழிவு நின்றுவிடும்.

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய், இருபது நாள் கழித்துக் கதவைத் திறந்தால் குப்பென்று நாற்றம் அடிக்கிறதா? எதுவும் உடையவில்லை. நம் வெயிலுக்கு ட்ராப்பில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது, அவ்வளவுதான்.

[காட்சி: ஜாலி மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றப்படுகிறது.]

ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குக் கிளம்பும்போதே கடைசியாக அதன் மேல் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டுப் போனால், எண்ணெய் மேலே படர்ந்து நின்று தண்ணீர் வற்றுவதைத் தாமதப்படுத்தும்.