சிறை இல்லை என்றால் பயமே இல்லையா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணவாழ்க்கையில் துரோகம் செய்தவரை விசாரிக்க வேண்டியது குற்றவியல் நீதிமன்றமா, குடும்ப நீதிமன்றமா? குடும்ப நீதிமன்றம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "2018இல் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை ரத்து செய்துவிட்டது, இனி யாருக்கும் பயம் இல்லை" என்று வருத்தப்பட்டார். ஐயா, அந்தப் பிரிவு யாரைக் காத்தது? அடுத்தவர் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்கு 5 ஆண்டு வரை சிறை. புகார் கொடுக்கும் உரிமை அந்தப் பெண்ணின் கணவனுக்கு. சரி, ஒருவன் வேறொருத்தியிடம் போனால் அவன் மனைவி புகார் கொடுக்க முடியுமா? முடியாது. அதைவிடக் கொடுமை, கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றமே இல்லை! என் வயலில் உன் மாடு ஏன் மேய்ந்தது என்று கேட்கிற சட்டம் அது. அதனால்தான் 5 நீதிபதிகளும் ஒருமித்து அதை நீக்கினார்கள்.

அப்புறம், பயம் இல்லை என்றாரே. விவாகரத்துக்கு வழிசெய்யும் இந்து திருமணச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இன்றும் இருக்கத்தான் செய்கிறது. முன்பெல்லாம் தகாத உறவிலேயே வாழ்ந்து வருவதாகக் காட்ட வேண்டும். 1976 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு முறை நடந்ததை நிரூபித்தாலே விவாகரத்துக் கேட்கலாம். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே அளவுகோல். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதில்லை, சூழ்நிலைச் சாட்சியங்கள் நம்பும்படி இருந்தால் போதும்.

கிறிஸ்தவப் பெண்களின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, மனைவிக்குத் தகாத உறவு இருந்தது என்று மட்டும் கணவன் காட்டினால் போதும். மனைவியோ, கணவனின் தகாத உறவோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001இல்தான் இது மாறியது. 130 ஆண்டுகளுக்கு மேல் பொறுத்திருக்கிறார்கள் நம் பெண்கள்!

ஜீவனாம்சத்துக்கு வருகிறேன். கணவன் வேறொருத்தியை வைத்திருந்தால், மனைவி அவனோடு வாழ மறுத்துத் தனியே இருந்தபடியே ஜீவனாம்சம் கேட்கலாம். மனைவி தொடர்ந்து தகாத உறவில் வாழ்ந்தால் அவளுக்கு அந்த உரிமை கிடையாது. இதெல்லாம் பயம் இல்லையா?

ஏமாற்றப்பட்டவளுக்கு வேண்டியது வீட்டு வாடகை, பிள்ளையின் படிப்புச் செலவு, அந்த உறவிலிருந்து விடுதலை. சிறையில் இருப்பவன் எதைக் கொண்டு ஜீவனாம்சம் கொடுப்பான்? அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.