படலைக்கு வெளியே நிற்கும் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. ஏழை வீட்டுக்குக் குடிநீர் இணைப்பும் கசியாத மலக்குழியும் கிடைக்கப் பொதுக்காசில் மானியம் வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நான் சொல்லவருவது.

வன்னிக்குப் பெரிய தண்ணீர்த் திட்டங்கள் வராமல் இல்லை. 2008இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் கொடுக்க ஒப்புக்கொண்ட உலர்வலயக் குடிநீர்த் திட்டத்தில் வவுனியாவும் மன்னாரும் இருந்தன. 2010இல் யாழ்ப்பாணம் - கிளிநொச்சித் திட்டம் வந்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக விவசாயிகள் உடன்படவில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தாளையடிக் கடற்கரையில் கடல்நீரைச் சுத்திகரிப்பதென்று முடிவாயிற்று. இந்தக் கடனையெல்லாம் நாட்டு மக்கள் எல்லோரும் சேர்ந்துதான் அடைக்கிறோம். அப்படியிருக்க, வீதியால் போகிற பெருங்குழாய்க்குப் பொதுக்காசு, படலைக்குள் போகிற சின்னக் குழாய்க்கு ஏழையின் காசு என்று பிரிப்பது எந்த நியாயத்தில் சேரும்?

இணைப்பென்றால் மீற்றர், குழாய், வீதி வெட்டுகிற செலவு, பிறகு வீட்டுக்குள் பைப் பூட்டுகிற செலவு. நாட்கூலிக்குப் போகிற ஒரு தாய் இவ்வளவையும் ஒரேயடியாக எங்கே தேடுவாள்? இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் போதாமல், வீட்டை முடிக்கவே கடன்பட்ட குடும்பங்கள் எத்தனை! இணைப்புக்குக் காட்டவேண்டிய காணிக் கடதாசியோ இடம்பெயர்வில் தொலைந்துபோயிற்று.

பூநகரிப் பக்கம் போய்ப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர். பவுசர் வருகிற சத்தம் கேட்டதும் பெண்கள் நீலப் பரலை உருட்டிக்கொண்டு வருவார்கள். பரலின் வாயில் பழைய சேலைத்துண்டைக் கட்டி, அதன் வழியாகத்தான் நிரப்புவார்கள். நிரம்பின பரலைத் தூக்க முடியாது. வாளி வாளியாக அள்ளி அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டும். பவுசர் வராத நாளில் குடிக்கிறதுக்குக் கான் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். லீற்றர் கணக்குப் பார்த்தால், குழாய்த்தண்ணீர் வைத்திருக்கிற வீட்டைவிட இல்லாத வீடுதான் கூடக் கொடுக்கிறது.

"இலவசமாகக் கொடுத்தால் அருமை தெரியாது" என்பார்கள். மாதக் கட்டணத்தை அந்தக் குடும்பம் கட்டட்டும். அதை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்பது இணைப்புச் செலவுக்கான மானியம். பிலிப்பைன்சின் மணிலா நகரில் 2007 அளவில் இப்படியொரு திட்டம் நடந்தது. குழாய் போட்டவுடன் கம்பனிக்கு மானியம் போகவில்லை. வீட்டில் மூன்று மாதம் ஒழுங்காகத் தண்ணீர் வந்ததா என்று பார்த்த பிறகுதான் கொடுபட்டது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காசு வீணாகவும் வழியில்லை, ஏழை வீடு விடுபடவும் வழியில்லை.

இனி மலக்குழிக் கதை. எங்கள் கிராமங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு குழிதான். மனிதாபிமானப் பணிகளில் பின்பற்றப்படும் அளவின்படி குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 30 மீற்றர் வேண்டும். கால் ஏக்கர் சதுரக் காணியின் ஒரு பக்கமே ஏறத்தாழ 32 மீற்றர்தான். உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றடியில் இருக்கும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் கசியாத தொட்டி கட்டவும், நிரம்பினால் பிரதேச சபைப் பவுசர் வந்து இறைக்கவும், இறைத்ததைச் சுத்திகரிக்கவும் அதே பொதுக்காசு வேண்டும். குழாய்த்தண்ணீர் வந்தால் கழிவுநீரும் கூடும். குழி இன்னும் கெதியாக நிரம்பும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எத்தனை கிலோமீற்றர் குழாய் போட்டோம் என்று அறிக்கை வாசிக்கும்போது, உங்கள் பிரதிநிதிகளைக் கொண்டு இதைக் கேட்பியுங்கள்: அந்த வீதியில் எத்தனை வீட்டுக்கு மீற்றர் பூட்டியிருக்கிறது, பூட்டாத வீடுகள் யாருடையவை, அவர்களுக்கு இந்த வருடம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?

நன்றி, வணக்கம்.