செடியை வெட்டிவிட்டீர்கள், அதன் எண்ணெய் எங்கே போயிற்று?

வணக்கம் நண்பர்களே. போன ஆண்டு பாய்ஸன் ஐவிக் கொடியை வெட்டிய கத்தரிக்கோலைக் கழுவாமல் மாட்டி வைத்து, இந்த ஆண்டு ரோஜாச் செடியைக் கவாத்து செய்ய அதை எடுக்கும் ஒருவருக்கு, அவர் அந்தக் கொடியின் பக்கமே போகாதவராக இருந்தாலும், இரண்டே நாளில் கையெல்லாம் தடித்துக் கொப்புளம் கிளம்பக்கூடும். இன்றைய வீடியோ அந்தக் கத்தரிக்கோலைப் பற்றியது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவில் வளரும் பாய்ஸன் ஐவி, பாய்ஸன் ஓக், பாய்ஸன் சுமாக் ஆகிய மூன்றிலும் உருஷியால் என்ற எண்ணெய் இருக்கிறது. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். பெரியவர்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்குத் தடிப்பை உண்டாக்க 50 மைக்ரோகிராம் உருஷியால், அதாவது ஒரு கிராமை 20,000 பங்காக்கினால் கிடைக்கும் ஒரே பங்கு, போதும் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

இனி, இந்த எண்ணெயைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்திக்கு வருகிறேன். ஜப்பானின் பளபளக்கும் அரக்குப் பூச்சுப் பாத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூச்சின் மூலப்பொருளும் உருஷியால்தான். அரக்கு மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பாலைப் பூசிய பிறகு, கைவினைஞர்கள் பாத்திரத்தை வெயிலில் காயவைப்பதில்லை. வெதுவெதுப்பான, ஈரப்பதம் மிகுந்த பெட்டிக்குள் வைக்கிறார்கள். ஏனென்றால் அந்தப் பூச்சு உலர்வதால் இறுகுவதில்லை. பாலில் உள்ள லாக்கேஸ் என்ற நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு உருஷியால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைப்பதால் இறுகுகிறது. இந்த நொதியின் வேலையை 1883-இல் முதலில் விவரித்தவர் ஹிகோரோகுரோ யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலாளர். முழுமையாக இறுகிய பூச்சு தண்ணீருக்கும் ஆல்கஹாலுக்கும் அசைந்து கொடுக்காது, தோலையும் பொதுவாகத் தொந்தரவு செய்யாது. இறுகாத பாலோ தொட்டவர் கையைப் புண்ணாக்கிவிடும்.

கத்தரிக்கோலின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. அதன் அலகில் படிந்த மெல்லிய எண்ணெய்ப் படலம், வறண்ட அறையில் முழுமையாக இறுகவும் முடியாமல், ஆவியாகவும் முடியாமல், வீரியத்தோடு அப்படியே கிடக்கிறது. பொருட்களின் மேற்பரப்பில் உருஷியால் 5 ஆண்டுகள் வரைகூட இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் எச்சரிக்கிறது. வெட்டுப்பட்ட தண்டின் பால் காற்றுபட்டுக் கறுப்பதால் அலகில் சில சமயம் கறுப்புத் திட்டுகள் தெரியும். ஆனால் திட்டு இல்லாத இடமெல்லாம் சுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒளிரச் செய்து இந்த எண்ணெயைக் காட்டும் வேதிக் கலவை ஒன்றைக் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழக வளாகத்தினர் 2012-இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரியைத் தெரிய வைக்கும் அந்த முயற்சி என்னைப் பொறுத்தவரை பாராட்டுக்குரியது.

சரி, கழுவுவோம். தடித்த வினைல் கையுறை அணியுங்கள். மெல்லிய லேடெக்ஸ் கையுறையை உருஷியால் ஊடுருவிவிடும். கத்தரிக்கோலின் நடுத்திருகைக் கழற்றி இரண்டு அலகுகளையும் தனித்தனியாக்குங்கள். ஒட்டியிருக்கும் மண்ணையும் இலைத் துணுக்குகளையும் முதலில் நீக்கி, பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, ஓடும் தண்ணீரில் தூரிகையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். திருகு உட்காரும் குழியும், சுருள்வில்லின் இடுக்கும், கைப்பிடி உறையின் விளிம்பும்தான் எண்ணெய் பதுங்கும் இடங்கள். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிரீஸ் அப்பிய கையை ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் கிரீஸ் இடம் மாறுமே தவிரப் போகாது. ஆல்கஹாலும் எண்ணெயைக் கரைக்குமே தவிர அழிக்காது. ஆகவே ஒவ்வொரு துடைப்புக்கும் புதிய துணி எடுத்து, பயன்படுத்தியதை உடனே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். ஆல்கஹால் தீப்பற்றும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு எட்டத்தில் இதைச் செய்யுங்கள். பிளீச்சிங் திரவத்தோடு அதை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயுக்கள் உண்டாகும். கடைசியாக மீண்டும் சோப்பும் தண்ணீரும், உலர்த்தல், துருப்பிடிக்காமல் இருக்க இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு.

இதற்கென்றே விற்கும் விலை உயர்ந்த கழுவு மருந்து வேண்டுமா என்று கேட்பீர்கள். அத்தகைய மருந்து ஒன்றையும், மெக்கானிக்குகள் கை கழுவும் பசையையும், பாத்திர சோப்பையும் தோலில் ஒப்பிட்டு 2000-இல் வெளியான ஆய்வில், மூன்றுக்கும் இடையே புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கருவிக்கும் கடைச் சரக்கைவிடத் தேய்ப்பே முக்கியம் என்பது என் கருத்து.

மரக் கைப்பிடி எண்ணெயை உறிஞ்சும் என்பதால் அதை இரண்டு மூன்று முறை கழுவுங்கள். தோல் கையுறையைக் காப்பாற்ற முயல வேண்டாம், எறிந்துவிடுங்கள். வெட்டிய கொடியை மட்டும் தயவுசெய்து எரிக்காதீர்கள், புகையோடு போகும் உருஷியால் நுரையீரலையே தாக்கும்.

கையுறையை உட்புறம் வெளியே வருமாறு கழற்றி எறிந்த பிறகு, கழுவும்போது தொட்ட குழாய்த் திருகையும், நடுவில் எடுத்துப் பேசிய கைப்பேசியையும் துடைக்க மறக்காதீர்கள். கழற்ற முடியாத திருகுள்ள கத்தரிக்கோலை நீங்கள் எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.