ஆறாத காது

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் 28 ஆண்டுகளாகக் காது, மூக்கு, தொண்டை வைத்தியம் பார்க்கிறேன். காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். மேடாகத் தட்டுப்படுகிறதே, அது பொட்டெலும்பின் ஒரு பகுதி. கேட்கும் நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் அந்த எலும்புக்குள்தான் ஓடுகின்றன. அங்கே புற்றுநோய் வருவது மிக அரிது. 10 லட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலருக்கே வரும். பெரும்பாலும் காதுத் துவாரத்தின் தோலில் தொடங்கி எலும்புக்குள் இறங்கும். அரிது என்பதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர். இடது காதில் சீழ் வடிவது அவருக்குப் பல வருடத் தொந்தரவு. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், அப்புறம் சொட்டு மருந்து என்று ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மகள் தலையணை உறையைக் கொண்டுவந்து விரித்தார். சீழோடு ரத்தக்கறை. "ராத்திரியெல்லாம் வளவுல நடந்துக்கிட்டே இருக்காங்க டாக்டர், வலி தூங்க விடல" என்றார்.

காதுக்குள் சதை வளர்ந்திருந்தது. துளி எடுத்துப் பரிசோதிக்கலாம் என்றேன். "கத்தி பட்டா பரவிரும், வேண்டாம் தம்பி" என்றார் ஆச்சி. அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். உங்களிடமும் சொல்கிறேன்: பரிசோதனைக்குச் சதை எடுப்பதால் புற்று பரவும் என்று பயந்து நாள் கடத்தாதீர்கள்.

முதல் முடிவில் வெறும் அழற்சி என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு இல்லை, ஏனென்றால் வலி குறையவில்லை. மேலாகக் கிள்ளினால் சீழ் பிடித்த சதைதான் வரும். இன்னும் ஆழத்தில் எடுக்க வேண்டும். இரண்டாவது முறை எடுத்ததில் புற்று தெரிந்தது. மறுபடியும் சொல்கிறேன், மருந்துக்கு அடங்காத காது, அதோடு ரத்தம், ராத்திரி வலி என்றால், ஒரு முடிவோடு விட்டுவிடாதீர்கள். காபி குடிக்கும்போது ஒரு பக்க வாயோரம் ஒழுகினால் முக நரம்பு வரை போயிருக்கலாம். அன்றைக்கே கிளம்புங்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்பதை சி.டி. காட்டும், நரம்பு, மூளைப் பக்கத்தை எம்.ஆர்.ஐ. காட்டும். ஆச்சிக்குக் காதுத் துவாரம், செவிப்பறை, சுற்றியுள்ள எலும்பு எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சு. அந்தக் காது இனிக் கேட்காது. பேரன் கல்யாணத்தில் வலது காதை என் பக்கம் திருப்பித்தான் பேசினார்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. எலும்பு வரை போகும் கடுமையான கிருமித் தொற்றும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக், வைத்தியமே வேறு. எது என்று பிரித்துச் சொல்வதும் அந்தத் துளிச் சதைதான். வணக்கம்.