மழை எந்தப் பக்கம் பெய்தது?

நேயர்களுக்கு வணக்கம். விடுமுறைக்கு நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "எந்த மாதம் போகிறீர்கள்?" நம் இலங்கை மலைநாட்டில் ஒரு நடை லேசானதா, பாடுபட வைப்பதா என்பதைத் தூரத்தைவிட மழைதான் தீர்மானிக்கிறது.

நான் பதுளைக்காரன். மனைவியின் ஊர் மட்டக்களப்பு. சில வருடங்களுக்கு முன் ஓகஸ்ட் விடுமுறையில் மாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நீண்டநாள் ஆசை. பதுளை நகரத்திலிருந்து ஐந்து கிலோமீற்றர்தான் என்பதால், நான் யோசிக்காமல் கூட்டிப் போனேன். வாசலில் இறங்கி ஒன்றரைக் கிலோமீற்றர் அளவு நடக்க வேண்டும். கொளுத்தும் வெயில். பாதி வழியில் மாமி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நான் இதில இரிக்கன் மருமகன், நீங்க போயித்து வாங்க" என்றார். நாங்கள் போய்ப் பார்த்தபோது தண்ணீரும் மெலிந்துதான் விழுந்துகொண்டிருந்தது. அந்த நாளில் இரண்டு தவறுகள் செய்திருந்தேன். மாதத்தையும் பார்க்கவில்லை, மாமியின் முழங்காலையும் நினைக்கவில்லை.

மாதக் கணக்கு இதுதான். நடுவில் மலைத்தொடர் ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு பதுளைப் பக்கம் இறங்குகிறது. அந்த நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, இரத்தினபுரி நனைய, பதுளை இருக்கிற ஊவா மாகாணம் காய்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. அப்போது கதை தலைகீழ். நடுவில் வரும் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயிலாக இருக்கும், பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். ஆக, எந்த மாதம் ஆனாலும் தீவின் ஏதோ ஒரு பக்கம் தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். மழை ஓய்ந்து ஒன்றிரண்டு வாரம் ஆன பக்கத்தைத் தெரிந்தெடுத்தால், தண்ணீரும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும்.

ஓகஸ்ட் விடுமுறையில் வயதானவர்களோடு போகிறீர்களா? ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் வீதியில் டெவன், சென் கிளயார் நீர்வீழ்ச்சிகள் இரண்டையும் வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். டெவன் 97 மீற்றர், சென் கிளயார் 80 மீற்றர். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கிய பிறகு சென் கிளயார் பழைய அகலத்தில் விழுவதில்லை. பகல் நேரத்தில் அதற்கென்று கொஞ்சம் தண்ணீர் விடுகிறார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்தவர்களுக்கு இது மனதை உறுத்தும். எனக்கும் அப்படித்தான். ஆனாலும் போய்ப் பாருங்கள்.

கொஞ்சம் நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பம்பரகந்த. 263 மீற்றர், இலங்கையிலேயே உயரமானது அதுதான். கொழும்பு பதுளை வீதியில், ஹல்துமுல்லைக்கு அருகே களுபஹனவில் இறங்க வேண்டும். அங்கிருந்து மேலே போகிற வீதி ஒடுக்கமானது, எதிரே ஒரு வாகனம் வந்தால் விலக இடம் தேட வேண்டியிருக்கும். பெரிய வேனைக் கீழேயே விட்டுவிட்டு ஓட்டோவில் போவது புத்தி. அதற்குப் பிறகு சில நூறு மீற்றர் நடைதான், சுற்றிலும் பைன் மரங்கள். ஆனால் வறட்சி மாதங்களில் இவ்வளவு பெரிய நீர்வீழ்ச்சியும் வெள்ளை நூல் மாதிரி ஆகிவிடும். போவதற்கு முன் அந்தப் பக்கத்தில் மழை பெய்ததா என்று யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

தியலுமவைப் பற்றி ஒரு வார்த்தை. 220 மீற்றர், கொஸ்லந்தைக்கு அருகே. பிரதான வீதியில் நின்றாலே முழு அழகும் தெரியும். இப்போது எல்லோரும் உச்சியில் இருக்கிற குளங்களுக்குப் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது இலேசான நடை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தண்ணீர் படுகிற பாறையில் பாசி ஒரு கண்ணாடித் தாள் மாதிரி ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. அந்தக் குளங்களில் விளிம்புக்குப் பக்கத்தில் இருப்பவைதான் பார்க்க அழகு. கால் வழுக்கினால் அடுத்த படி என்று ஒன்று அங்கே கிடையாது. கீழே நின்று பாருங்கள்.

அதே கொஸ்லந்தையில்தான் மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை அங்கே தொழிலாளர் குடியிருப்பான லயங்களோடு மண் சரிந்தது நம் யாருக்கும் மறக்காது. மழைக்காலத்தில் மலைநாட்டுக்குப் புறப்படுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேசவாரியாக அறிவிப்பார்கள். நீங்கள் போகிற பிரதேசத்தின் பெயர் அதில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். நீர்வீழ்ச்சி எங்கேயும் ஓடிப்போகாது.

தண்ணீரில் இறங்குகிறவர்கள் இதையும் கேளுங்கள். ஒருமுறை ஒரு நீர்வீழ்ச்சியின் கீழே முழங்கால் அளவுத் தண்ணீரில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். தெளிவாக இருந்த தண்ணீர் மெதுவாகப் பால்தேநீர் நிறத்துக்கு மாறியது. பிறகு காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினோம். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, நாங்கள் செருப்பு வைத்திருந்த கல் மூழ்கிவிட்டது. மழை பெய்தது எங்களுக்குத் தெரியாத மேல் மலையில். நிறம் மாறினாலோ, குப்பை வந்தாலோ, இரைச்சல் கனத்தாலோ உடனே வெளியே வந்துவிடுங்கள். "இன்னும் ஒரு படம்" என்று நிற்காதீர்கள். அவசரத்துக்கு 1990 அம்பியுலன்ஸ் எண், அனர்த்தம் என்றால் 117. இரண்டையும் புறப்படுமுன்பே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். ஆனால் சில பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஈரமான பாதை என்றால் அட்டை ஏறத்தான் செய்யும். நீளமான காலுறை போடுங்கள், சவர்க்காரத்தை நனைத்துக் கணுக்காலில் பூசிக்கொள்ளுங்கள். ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல், அது கடித்திருக்கிற இடத்தில் நகத்தை வைத்து மெல்லத் தள்ளினால் விட்டுவிடும்.

சரி, நேரக் கணக்கு. கூட்டத்தில் மிக மெதுவாக நடக்கிறவர் யாரோ, அவருடைய நடையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். நீர்வீழ்ச்சிக்குப் போகிற பாதை பெரும்பாலும் இறக்கம், திரும்பி வருவதுதான் ஏற்றம். போக அரை மணி நேரம் என்றால் வர முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். காலையிலேயே தொடங்குங்கள். ஆறு மணி தாண்டினால் மலையில் இருட்டு சடாரென்று விழும்.

அடுத்த பெப்ரவரியில் மழை விட்டு பத்து நாள் ஆனதும் மாமியை மறுபடி துன்ஹிந்தவுக்குக் கூட்டிப் போனேன். காலை எட்டு மணிக்கே உள்ளே போய்விட்டோம். கையில் ஒரு தடி, நூறு அடிக்கு ஒருதரம் ஓய்வு. வழியில் குடா துன்ஹிந்த தெரிகிற இடத்தில் நின்று கொண்டுபோன தேநீரைக் குடித்தோம். கடைசிப் படிகளில் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். 64 மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் நிறைந்து விழுந்துகொண்டிருந்தது, பேச்சுக் கேட்கவில்லை. சிங்களத்தில் 'தும்' என்றால் புகை. அந்தப் புகை வந்து மாமியின் கண்ணாடியை மூடியது. சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார், மறுபடி மூடியது. இன்னொரு தரம் துடைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டினார்.