வார்ரம் பெர்சி: ஊரைக் காலி பண்ணது பிளேக் இல்லை

நேயர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "இங்கிலாந்துல யார்க்ஷயர் பக்கம் இருக்கிற வார்ரம் பெர்சி, பிளேக்ல எல்லாரும் செத்ததாலதான் காலியாச்சா? இப்ப அங்கே வெறும் புல்லுதானே, போய் என்னத்தைப் பார்க்கிறது?"

முதல் கேள்விக்குப் பதில், இல்லைங்க. 1349 வாக்குல கொள்ளைநோய் அந்த ஊரையும் கடுமையா அடிச்சது. ஆனா 1368ல அங்கே கிட்டத்தட்ட 30 வீட்ல ஆள் இருந்தாங்க. ஊர் அதுக்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல தாங்குச்சு.

அதை முடிச்சு வெச்சது செம்மறி ஆடு. நோய்க்கப்புறம் ஆள் கிடைக்கலை, கூலி ஏறிப்போச்சு. தானியத்துக்கு விலை இல்லை, கம்பளிக்கு இருந்துச்சு. ஏர் பூட்ட, விதைக்க, அறுக்கன்னு உழவுக்கு ஊரே வேணும். மேய்ச்சலுக்கு ஓர் ஆளும் ஒரு நாயும் போதும். நிலப்பிரபுவுக்குக் கணக்கு அங்கேயே முடிஞ்சிடுச்சு. 1500ஐ ஒட்டி, மிச்சமிருந்த 4 வீட்டை இடிச்சு, அந்தக் குடும்பங்களை வெளியேத்திட்டாங்க. பழியை நோய் மேல மட்டும் போட்டா, வெளியேத்தப்பட்ட இந்த ஜனங்களை நாம மறந்துடுவோம். அது நியாயமில்லை.

இப்ப அந்தப் புல்லு. ஆடு மேய விட்டதால நிலத்துல திரும்ப ஏர் ஓடலை, அதனாலதான் தடம் அழியாம நிக்குது. தெரு எதுன்னா, நீளமா அமுங்கின பள்ளம். காலும் வண்டியும் தேய்ச்சுத் தேய்ச்சு இறங்கினது. அதை ஒட்டி வரிசையா செவ்வக மனைகள். மனையைச் சுத்தி முழங்கால் உயரத்துக்கும் குறைவா ஒரு மண்மேடு ஓடும். அது பழைய வேலி, வீட்டுச் சுவர்னு நினைச்சுடாதீங்க. வீடு அதுக்குள்ள இருந்துச்சு.

தொல்லியல் ஆய்வுக்காக இங்கே தோண்டினவங்களே ஆரம்பத்துல வீட்டைக் கண்டுபிடிக்கிறதுல சறுக்கினாங்க. 1950ல வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்ட் சுவரைத் தேடி அதன் ஓரமாவே குழி வெட்டினார். ஒரே மனையில வீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டியிருக்காங்க, அடித்தளம் ஒண்ணுமேல ஒண்ணா கிடக்கு. குறுகின குழியில எது முந்தி எது பிந்தின்னு பிரிக்கவே முடியாது. அப்புறம் தொல்லியல் அறிஞர் ஜான் ஹர்ஸ்ட் வந்து, மேல்மண்ணை அகலமா உரிச்சு, அடுக்கடுக்கா இறங்கினார். 1990 வரைக்கும் கோடைக்குக் கோடை வேலை நடந்துச்சு.

உச்சி வெயில்ல போனீங்கன்னா எல்லாம் ஒரே பச்சையாத்தான் தெரியும். கோடையில புல்லு வளர்ந்துட்டா மேடும் மறைஞ்சிடும். குளிர்காலத்துல, காலையிலயோ சாயங்காலமோ, சூரியன் தாழ்வா இருக்கும்போது போங்க. சரிவுக்கு மேல நின்னு கீழே பாருங்க. ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்து, மனை மனையா ஊர் தெரியும்.