ஆயில் ஃபில்டருக்குள் இரும்புத் துணுக்கு வந்தது எப்படி? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரு நேயரின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் கேட்டது இதுதான்: "காரில் இருந்து கழற்றிய ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன். நடுக்குழாய்க்குள் சுருளாக ஒரு இரும்புத் துணுக்கு கிடந்தது. சுத்தம் செய்கிற பொருளுக்குள்ளேயே இரும்பு எப்படி வந்தது? அப்புறம், என் தம்பி ஃபில்டர் தயாரிக்கும் தொழிற்சாலையில் பிரஸ் பிரிவில் சேரப் போகிறான். விரல் போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். அது உண்மையா?"

இதை அவர் இரண்டு கேள்வியாகக் கேட்டிருக்கிறார். ஃபில்டர் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை பார்த்தவன் நான். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஃபில்டரை எதால் அறுத்தீர்கள்? ஹேக்சா பிளேடு என்றால், உள்ளே கிடக்கும் தூளில் பாதி நீங்களே போட்டதுதான். சக்கரம் வைத்து வெட்டுகிற ஃபில்டர் கட்டர் இருக்கிறது, அதில் தூள் விழாது. ஆனால் நீங்கள் சொல்வது தூள் இல்லை, சுருள். அதனால் உங்கள் பேச்சை நம்புகிறேன்.

ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். ஃபில்டரின் அடித்தட்டில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அழுக்கு ஆயில் அது வழியாக உள்ளே வந்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைக் கடந்து, நடுக்குழாய்க்குள் இறங்கி, நடுவில் மரை போட்ட பெரிய ஓட்டை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. அப்படியென்றால் நடுக்குழாயும் அந்த மரையும் சுத்தமான பக்கம். அங்கே ஒரு துணுக்கு இருந்தால் அதைத் தடுக்க வழியில் எதுவுமே இல்லை, நேராக பேரிங்குக்கு, அதாவது எஞ்சினின் சுழலும் தண்டைத் தாங்கும் இடத்துக்குத்தான் போகும். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் அதைவிட எவ்வளவோ மெல்லியது. காகிதம் அடைத்துக்கொண்டால், ஆயிலைக் காகிதத்தில் படாமல் விடும் பைபாஸ் வால்வு திறந்து எஞ்சினின் தேய்மானத் துகள் இந்தப் பக்கம் வருவதும் உண்டு. ஆனால் அது சுருளாக இருக்காது. சுருள் என்றால் அநேகமாக அடித்தட்டுக்கு மரை வெட்டும்போது வந்த சீவல்தான். தட்டைச் சரியாகக் கழுவாமல் விட்டிருக்கிறார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, பிசிறு. அடித்தட்டையும் நடுக்குழாயின் ஓட்டைகளையும் பிரஸ்ஸில், அதாவது தகட்டை அழுத்தி வெட்டும் இயந்திரத்தில், டை என்ற வெட்டும் அச்சு வைத்துக் குத்தி எடுக்கிறார்கள். டை கூராக இருந்தால் ஓரம் சுத்தமாக வெட்டும். தேய்ந்துவிட்டால் தகட்டை வெட்டாமல் கிழிக்கும், ஓரத்தில் பிசிறு நிற்கும். அந்தப் பிசிறு பின்னால் ஆயில் அழுத்தத்திலும் அதிர்விலும் உடைந்து விழும்.

உங்கள் அம்மாவின் பயம் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. தேய்ந்த டையில் வெட்டிய துண்டு தானாகக் கீழே விழாது, ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் யாராவது கையை விட்டு எடுக்க வேண்டும். பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் தள்ளித் தள்ளி வைத்திருப்பதே, இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால்தான் பிரஸ் இறங்க வேண்டும் என்பதற்காக. நான் இருந்த இடத்தில் ஒரு நாள் இரவு ஷிப்டில் பார்த்தேன். ஒரு பட்டனை அழுத்தியபடியே துணியால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். ஓட்டுகிறவரின் ஒரு கை மற்ற பட்டனில், இன்னொரு கை டைக்கு அருகில். 'ஏன்ணே இப்படி?' என்று கேட்டால், 'துண்டு மாட்டுதுப்பா, டார்கெட் போயிடும்' என்றார். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. டையைக் கழற்றிச் சாணை பிடிக்க நேரம் ஒதுக்காதவர்கள்தான் அவர் கையை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். அன்றைக்கு அந்தப் பெட்டியில் இருந்த தட்டுகளை விரலால் தடவிப் பார்த்தேன், ஓரமெல்லாம் முள்ளு முள்ளாக இருந்தது. முழுப் பெட்டியையும் ஸ்கிராப்பில் போட்டோம். விரலை எடுக்கக் கூடியதும், உங்கள் ஃபில்டருக்குள் இரும்பைப் போடுவதும் ஒரே மொட்டை டைதான்.

ஃபில்டரின் பசையை வேகவைக்கும் அடுப்புப் பக்கமும் இதே கதைதான். காகித மடிப்பின் இரண்டு முனைகளிலும் மூடி ஒட்டுகிறார்கள். பல இடங்களில் அதற்கு பிளாஸ்டிசால் என்ற பசை. அதைச் சூட்டில் வேகவைத்தால்தான் பிடிக்கும். காகிதத்தில் ஏற்றியிருக்கும் பினாலிக் ரெசினும் சூட்டில்தான் இறுகுகிறது. அப்போது பார்மால்டிஹைடு கலந்த புகை வரும். புகையை இழுக்கும் விசிறி ஓடவில்லை என்றால் கண் எரியும், தொண்டை கமறும். எரிச்சல் தாங்காமல் யாராவது சூட்டைக் குறைப்பார், அல்லது கதவைத் திறந்து வைப்பார். பசை அரைவேக்காடாக நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சூடான ஆயிலில் சில வாரம் ஓடிய பிறகு மூடி விட்டுவிடும், ஆயில் காகிதத்தைத் தொடாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

பரிசோதனை பற்றி ஒன்று சொல்கிறேன். கசிவுக்கு ஃபில்டரில் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். எவ்வளவு அழுத்தத்தில் வெடிக்கிறது என்று பார்ப்பது வேறு சோதனை, ஐஎஸ்ஓ 4548 தரத்தின் 6ஆம் பகுதி அதற்காகவே இருக்கிறது. அதைத் திரவம் வைத்துத்தான் செய்ய வேண்டும். காற்று சுருங்கி சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், டப்பா வெடித்தால் தகடு பறக்கும். திரவம் அப்படிச் சுருங்காது, பிளந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

சரி, உங்கள் காருக்கு வருவோம். ஆயில் பிரஷர் விளக்கு எரியவில்லை, எஞ்சினில் தட்டும் சத்தம் இல்லை என்றால் இப்போது எதையும் பிரிக்க வேண்டாம். அடுத்த முறை புது ஃபில்டரை மாட்டும் முன் நடு ஓட்டையில் டார்ச் அடித்து மரையைப் பாருங்கள். ஏதாவது மின்னினால் அதை மாட்டாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுங்கள். துடைத்துவிட்டு மாட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், துடைக்கும்போது உள்ளேதான் தள்ளுவீர்கள்.

தம்பிக்கு ஒரே ஒரு வேலை. சேருவதற்கு முன் பிரஸ் பக்கம் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். துண்டு மாட்டிக்கொண்டால் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கட்டும். மெஷினை நிறுத்தி, மேல் டை இறங்காமல் கட்டை கொடுத்து, கொக்கியாலோ காந்தக் கோலாலோ எடுக்கிறார்கள் என்றால் தாராளமாகச் சேரட்டும். கை உள்ளே போகிறது என்றால் வேறு பிரிவு கேட்கட்டும். மரை வெட்டும் இடத்திலோ மூடி மடிக்கும் இடத்திலோ போட்டாலும் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: தகடு தூக்கும்போது கையுறை கட்டாயம், சுழலும் மெஷின் முன்னால் கையுறை கூடவே கூடாது. சுழலும் மெஷின் கையுறையோடு சேர்த்துக் கையையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.